சந்தை கேட்டில் பதினாறு நிமிஷம்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவின் பெயர் ஹெலன் சுகிர்தா. வயது இருபத்தெட்டு. பல்கலைக்கழகத்தில் டிசைன் துறை ஆசிரியை. திரையில் ஓடுகிற கதையைப் பார்க்கிறவன் தன் கையாலேயே திருப்பிவிடும்படி செய்கிற வித்தையைச் சொல்லிக்கொடுப்பவர்.

சீடர்தான் வயசாளி. சுடலையாண்டி, நாற்பத்தேழு. முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டினார். நோயாளி காதில் விழும்படி யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை ஒருவர் மறந்துபோய்க் கூப்பிட்டுவிட்டார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஆள் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நடந்தே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாராம். வண்டி பின்னாலேயே காலியாகப் போனதாம்.

அந்தத் துறையின் கம்ப்யூட்டர்களும் லேசுப்பட்டவை அல்ல. ஒரு பையன் 'சேவ்' பொத்தானை அழுத்திவிட்டு ஊருக்குப் போய், பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, மறுவீடும் போய்த் திரும்பினான். முக்கால்வாசி ஏறியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களின் முன்னால்தான் சுடலையாண்டி ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

படிப்பு நாலு வருஷம்தான். கடைசி வருஷப் புராஜெக்டை முடிக்காமல் இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டார். விதிப்படி மூன்றாவது தடவை கடைசி. வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டம் கிடையாது. ஆறு வருஷமும் போச்சு.

இத்தனைக்கும் அவர் படிக்க வந்ததே அந்த ஒரு புராஜெக்டைச் செய்வதற்குத்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல். பாம்பு கடித்த ஒன்பது வயசுக் குழந்தை, பெயர் செண்பகம். ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் ஒரு முக்கு. இடது பக்கம் சந்தை கேட் வழி, குறுக்கு. வலது பக்கம் ஆத்துப் பாலத்து வழி, சுற்று. சுடலையாண்டி இடது பக்கம் திருப்பினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டைப் பற்றி ஊரில் சொல்வார்கள்: மூடும்போது சினையாக வந்து நிற்கிற மாடு, திறக்கும்போது கன்றோடு போகும் என்று. அன்றைக்குப் பதினாறு நிமிஷம்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார். "ஒரு பத்து நிமிஷம் முந்தி வந்திருக்கக் கூடாதாய்யா" என்றார்.

மறுநாள் சுடலையாண்டி வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு சைக்கிள்கூட மிதிக்கவில்லை.

அதைத்தான் புராஜெக்டாகச் செய்திருந்தார். உடைக்கப் போன வேனிலிருந்து கழற்றிய ஒரு சீட். ஒரு ஸ்டீயரிங். எதிரே சுவரை அடைத்த திரை. உட்கார்ந்தால் சைரன் கேட்கும், ரோடு ஓடும், முக்கு வரும். இடமோ வலமோ திருப்பலாம். ஓட்டத்தையெல்லாம் சுருக்கி இரண்டே நிமிஷமாக ஆக்கியிருந்தார். கேட்டில் நிற்கிற பதினாறு நிமிஷத்தைச் சுருக்கக் கை வரவில்லை. முழுசாக விட்டிருந்தார்.

ஹெலன் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் செய்ததை இன்னொருவர் சோதித்துப் பார்க்கும்போது, செய்தவர் வாயில் பார்சல் ஒட்டுகிற டேப்பை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 'இங்க அமுக்கணும்', 'அதுக்கு அர்த்தம் என்னன்னா' என்கிற பேச்செல்லாம் கூடாது. அந்தச் சட்டம் வந்த மாசத்திலேயே வகுப்பில் பையன்கள் எல்லாரும் மீசையை எடுத்துவிட்டார்கள். சுடலையாண்டி எடுக்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் பத்து மயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஹெலன் உட்கார்ந்தார். வலது பக்கம் திருப்பிப் பாலத்து வழியில் போனார். ஆஸ்பத்திரி வந்தது. திரையில் வெள்ளைத் துணி மூடியது. மறுபடி உட்கார்ந்து இடது பக்கம் திருப்பினார். பதினாறு நிமிஷம் அசையாமல் கேட்டில் நின்றார். ஆஸ்பத்திரி வந்தது. அதே வெள்ளைத் துணி.

சுடலையாண்டி டேப்பைப் பிய்த்தார். "முடிஞ்சுதா மேடம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே முடிவா அண்ணாச்சி?"

"ஆமா. விதி. அதான் இதுல கருத்து."

"விதின்னா எதுக்கு ஸ்டீயரிங்? படமா எடுத்துச் சுவத்துல ஓட்டிட்டுப் போயிருக்கலாமே."

சுடலையாண்டி டேப்பை விரலால் உருட்டிக்கொண்டு நின்றார்.

"பாலத்து வழியில எத்தன நிமிஷம் ஆகும்?"

"தெரியாது மேடம்."

"ஏழு வருஷமாவா தெரியல?"

"தெரிஞ்சுக்கிட வேண்டாம்னு இருந்துட்டேன்."

ஹெலன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "ஏறுங்க."

மத்தியானம் அந்த முக்கிலிருந்து புறப்பட்டார்கள். ஆம்புலன்ஸ் போகிற வேகத்துக்கு ஹெலன் முறுக்கினார். பின்னால் சுடலையாண்டி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலத்தில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு அரை நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. அந்த நாய் நடுவில் இன்னும் பத்து நிமிஷம் படுத்துக் கிடந்தால் அதற்கு ஆயுசு பூராவும் பிஸ்கட் வாங்கிப் போடுவதாக அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். நாய் எழுந்து போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"எத்தன?"

"பதிமூணு."

"அன்னைக்கு?"

"முக்குலருந்து இருபத்திநாலு."

கழித்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தெரியும். சுடலையாண்டி காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் போய்க் குத்தவைத்து, காலையில் தின்றதை வாந்தி எடுத்தார். ஹெலன் பெட்டிக்கடையில் சோடா வாங்கி உடைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"அப்ப இத எப்படி மாத்தணும் மேடம்?"

"இப்ப எண்ணினீங்கல்லா, அந்த எண்ணிக்கைப்படி."

செவ்வாய்க்கிழமை பூராவும் உட்கார்ந்து மாற்றினார். கேட் வழியில் போனால் வெள்ளைத் துணி. பாலத்து வழியில் போனால் குழந்தை கண் முழிக்கும். அந்த இரண்டு கண்களை வரைந்து முடிக்க அவருக்கு அன்றைய பகல் முழுக்கத் தேவைப்பட்டது.

புதன்கிழமை காலை வகுப்புப் பிள்ளைகள் பதினாலு பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பதினாலு பேரும் வலது பக்கம் திருப்பினார்கள். பதினாலு தடவை குழந்தை பிழைத்தது. சுடலையாண்டி டேப்புக்குள்ளேயே அழுதுகொண்டு நின்றார்.

ஹெலன் கேட்டார்: "ஏன் எல்லாரும் பாலத்துலயே போறாங்க?"

"கேட் மூடியிருக்கது முக்குலருந்தே தெரியுதுல்லா மேடம்."

"அன்னைக்கு தெரிஞ்சுதா?"

"இல்ல. பெரிய புளியமரம் ஒண்ணு மறைச்சுக்கிட்டு நிக்கும்."

"அப்ப மரத்த வைங்க."

மரத்தை வைத்தார். சாயங்காலம் பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை எட்டுப் பேர் இடது பக்கம் திருப்பி, கேட்டில் போய் மாட்டிக்கொண்டார்கள். ஒருவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டினான்.

"மாமா, இந்தக் கேட்ட எப்பத்தான் தொறப்பீய? அம்பது ரீல்ஸ் பாத்து முடிச்சுட்டேன்!"

சுடலையாண்டிக்குச் சிரிப்பு வந்தது. டேப் இருந்ததால் மூக்கு வழியாகச் சிரித்தார். பதினாலில் எட்டு. தன்னைப் போல எட்டுப் பேர். அன்றைக்கு ராத்திரி நாலு புரோட்டா சாப்பிட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக விடிகிற வரைக்கும் தூங்கினார்.

வியாழக்கிழமை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஹெலன் முன்னால் நின்றார். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் தேர்வாளரிடம் போக முடியாது.

"அந்த முக்குல உங்களுக்கு வேற எதுவும் தெரிஞ்சிருந்துதா அண்ணாச்சி?"

"இல்ல மேடம்."

அவர் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னவர் இல்லை. ஹெலன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு வண்டிக்குள்ள வேற யாரு இருந்தாங்க?"

"அந்தப் புள்ளையோட அம்மா. ஆவுடைத்தாய்."

"நாளைக்குத் தேர்வாளர் வர்றதுக்கு முன்னால அவங்க ஒரு தடவ உக்காரட்டும்."

"அவ்வொ வரமாட்டாவ மேடம்."

"கேட்டீங்களா?"

கேட்டார். வரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டுதான் போன் போட்டார். எதிர்முனையில் ஆவுடைத்தாய் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டது குரல்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே ஆவுடைத்தாய் வந்துவிட்டார். பீடி சுற்றுகிறவர். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. சீட்டில் உட்காரும்போது சேலையை ஒதுக்கிக்கொண்டு, கோயிலில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார். சுடலையாண்டி டேப்பை ஒட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

சைரன் கேட்டது. ரோடு ஓடியது. முக்கு வந்தது. புளியமரம் நின்றது.

ஆவுடைத்தாய் எந்தப் பக்கமும் திருப்பவில்லை. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"இதுல நான் எங்க?"

ஆவுடைத்தாய் திரையில் நின்ற முக்கைக் கையால் காட்டினார்.

"இந்த இடத்துல நான் சொன்னேன்லா. பாலத்து வழியாப் போங்கய்யா, பன்னெண்டு மணி ரயிலு வார நேரம்னு. பின்னாலருந்து கத்துனேன்லா. அதக் காணோமே?"

ஹெலன் திரும்பிச் சுடலையாண்டியைப் பார்த்தார். அவர் டேப்பைப் பிய்த்தார். இந்தத் தடவை ரத்தம் வந்தது.

"சொன்னாவ மேடம்."

"நீங்க?"

"'எனக்குத் தெரியும், பேசாம உக்காரு'ன்னேன்."

"ரயில் நேரம் தெரியுமா?"

"தெரியும். அதுக்கு முன்னால கடந்துருவேன்னு நெனச்சேன். எத்தனையோ தடவ கடந்திருக்கேன்."

மணி ஒன்பதேகால். தேர்வாளர் பதினொன்றுக்கு வருகிறார்.

"இப்ப என்ன செய்யட்டும் மேடம்?"

"ஒண்ணும் செய்யாட்டியும் தேறிருவீங்க. நான் கையெழுத்துப் போட்டாச்சு. நல்லாத்தான் வந்திருக்கு."

"அதக் கேக்கல."

"வேற எதுவும் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. வண்டிக்குள்ள நான் இல்ல." ஹெலன் அலமாரியைத் திறந்து மைக்கை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

சுடலையாண்டி மைக்கை எடுத்து ஆவுடைத்தாயிடம் கொடுத்தார். "அன்னைக்குச் சொன்னத ஒரு தடவ சொல்லுவீயளா?"

"கத்தித்தானே சொன்னேன்?"

"கத்தியே சொல்லுங்க."

ஆவுடைத்தாய் கத்தினார். பக்கத்து வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரே தடவையில் பதிவாகிவிட்டது.

சுடலையாண்டியின் பதில்தான் பதிவாக மாட்டேன் என்றது. அவர் சொன்னார்: "எனக்குத் தெரியும். பேசாம உக்காரும்மா."

"இப்படியா சொன்னீய?" என்றார் ஆவுடைத்தாய். "அம்மா எல்லாம் போடல."

மறுபடி சொன்னார்.

"இன்னும் கடுசா இருந்துச்சு."

மறுபடி.

"இது கெஞ்சுத மாதிரில்லா இருக்கு. அன்னைக்கு நீங்க கெஞ்சல."

பதினோராவது தடவை சொல்லி முடித்தபோது ஆவுடைத்தாய் சீட்டின் பின்பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இதான். இதேதான்."

தேர்வாளர் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். நல்ல மனுஷர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முக்கு வந்ததும் அவர் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு தாய் கத்தினாள். ஒரு ஆள் அவளை அடக்கினான். தேர்வாளர் பதறிப்போய் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார். குழந்தை கண் முழித்தது. பின்வரிசையில் நின்றிருந்த ஆவுடைத்தாய் திரையில் திறந்த அந்தக் கண்களைப் பார்த்தார்.

வகுப்புப் பிள்ளைகளில் மூன்று பேரை உட்காரச் சொல்லிப் பார்த்தார் தேர்வாளர். முந்தாநாள் இடது பக்கம் போனவர்கள்தான். மூன்று பேரும் வலது பக்கமே திருப்பினார்கள்.

"மேடம், இதுல ஒரு பிழை இருக்கு" என்றார் தேர்வாளர் ஹெலனிடம். "அந்தம்மா அப்படிக் கத்தினதுக்கு அப்புறமும் கேட் வழியா எவனாவது போவானா? அப்ப இவர் ரெண்டு வழின்னு குடுக்கறது ஒரு வழிதான். ஒருத்தரும் போகாத பாதைய எதுக்குச் செஞ்சு வச்சிருக்கார்?"

சுடலையாண்டி வாயில் டேப் இருந்தது.

"அந்தக் குரல எடுக்கட்டும். இல்ல, கேட் வழிய எடுக்கட்டும். எனக்கு ரெண்டு மணிக்குக் கார். அதுக்குள்ள எடுத்துட்டா கையெழுத்துப் போட்டுடறேன்."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். சுடலையாண்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கேட் வழியை எடுத்துவிட ஒரு பொத்தான் போதும். எடுத்துவிடலாம் என்றுதான் விரலை வைத்தார். குரல் இருக்கும். பாலம் இருக்கும். குழந்தை கண் முழிக்கும். பட்டமும் கிடைக்கும். வைத்த விரல் அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவ உக்காரட்டுமா?"

ஆவுடைத்தாய். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்றார். ஹெலன் மூலையில் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சுடலையாண்டி எழுந்து, கேட்காமலேயே டேப்பை எடுத்து ஒட்டிக்கொண்டார்.

சைரன். ரோடு. முக்கு. ஆவுடைத்தாயின் குரல் ஆவுடைத்தாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தியது. சுடலையாண்டியின் குரல் அதட்டியது.

ஆவுடைத்தாய் ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினார்.

கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது.

அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பி உட்கார்ந்தார். பின்னால் ஒன்றும் இல்லை. சுவர், நாலைந்து வயர், ஒரு ஸ்பீக்கர். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"தண்ணி குடுக்கக் கூடாதாம் தாயி. டிரைவரய்யா சொல்லுதாவ. இந்தா, இப்பத் தொறந்துருவான்."

கொஞ்ச நேரம் எதையோ கேட்பது மாதிரி இருந்தார்.

"ஆமா, பாவாட புதுசுதான். தீவாளிக்குத்தான் எடுத்தது. அழுக்காகாது. துவச்சாப் போயிரும்."

பதினாறு நிமிஷம் அப்படியே பேசினார். ஒரு தடவை சிரிக்கவும் செய்தார். ரயில் போனது. கேட் தூக்கியது. ரோடு ஓடத் தயாராகத் திரையில் காத்திருந்தது.

ஆவுடைத்தாய் எழுந்தார். "மிச்சம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இரண்டு மணிக்குத் தேர்வாளர் வாசலில் வந்து நின்றார்.

"எடுத்தாச்சா?"

சுடலையாண்டி டேப்பைப் பிய்த்தார். "இல்ல சார்."

"ஒருத்தரும் போகாத வழிங்க அது."

"ரெண்டு பேரு போயிருக்கோம் சார்."

தேர்வாளருக்குப் புரியவில்லை. ஹெலனைப் பார்த்தார். கீழே கார் ஹாரன் அடித்தது. தேர்வாளர் வருத்தமாகத் தலையை ஆட்டிக்கொண்டு, சுடலையாண்டியின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஆறு வருஷம் அந்தக் கோட்டோடு முடிந்தது.

இரண்டு பேரும் சீட்டைக் கழற்றினார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றினார்கள். ஹெலன் ஸ்பீக்கர் வயரை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார்.

"மேடம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பாலத்து வழியில போனா புள்ள கண்ணு முழிக்கும்னு அவ்வொளுக்குத் தெரியும். காலையில நின்னு பாத்தாவ. பொறவு ஏன் கேட்டுப் பக்கம் திருப்புனாவ?"

ஹெலன் வயரைச் சுற்றி முடித்து, நுனியைச் செருகினார்.

"பாலத்து வழியில கண்ணு முழிக்கிற புள்ள, அவங்க புள்ள இல்ல அண்ணாச்சி."